மாலை ஏழு மணி ஆனால் தடுமாறும் மடிக்கணினி வைஃபை. ரூட்டரோ ஆறடி தொலைவில்

ஏரிக்கரை
திங்கள், இரவு 9.50

அனைவருக்கும் வணக்கம். நான் மடிப்பாக்கத்தில் வீட்டிலிருந்தபடியே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறேன். திங்கள் முதல் சனி வரை மாலை 7 மணிக்குத் தொடங்கி 8.30 வரை வகுப்பு இணையவழியில் நடக்கும். மூன்று வாரமாக, வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் மடிக்கணினியின் வைஃபை தடுமாறிவிடுகிறது. படம் உறைகிறது, குரல் துண்டுதுண்டாகப் போகிறது, சில நாள்களில் இணைப்பே அறுந்து, மறுபடி ஒட்டுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. சனிக்கிழமை முக்கோணவியல் கணக்கு ஒன்றை நடுவிலேயே விட்டுவிட்டு, மீதியைக் கைபேசியில் குரல்பதிவாக அனுப்பினேன். பிள்ளைகளுக்கு இது பொதுத்தேர்வு ஆண்டு என்பதால் மனம் மிகவும் சங்கடப்படுகிறது.

மடிக்கணினி வாங்கி மூன்றரை ஆண்டு ஆகிறது. விண்டோஸ் 11, இன்டெல் வைஃபை அட்டை. ரூட்டர் அதே கூடத்தில், நான் உட்காரும் மேசையிலிருந்து ஆறடியில், தொலைக்காட்சி அலமாரியின் மேல் இருக்கிறது. இடையில் சுவர் கிடையாது. நொடிக்கு நூறு மெகாபிட் வேகத் திட்டம். கைபேசியை மடிக்கணினியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதே நேரத்தில், தொண்ணூறுக்கு மேல் வேகம் காட்டுகிறது.

ரூட்டரை அணைத்துப் போட்டேன், மடிக்கணினியில் அந்த வைஃபை பெயரை மறக்கச் செய்து கடவுச்சொல்லை மறுபடி கொடுத்தேன், நெட்வொர்க் ரீசெட்டும் செய்தேன். இணைய நிறுவனத்தில் புகார் கொடுத்ததில், ஒருவர் காலை 11 மணிக்கு வந்து பார்த்து, எல்லாம் சரியாக இருப்பதாகவும், சாயங்காலத்தில் அக்கம்பக்கத்தார் அனைவரும் பயன்படுத்துவதால் நெரிசல் ஏற்படுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். புது ரூட்டர் வாங்க வேண்டுமா, மடிக்கணினியையே மாற்ற வேண்டுமா என்று தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.


மொட்டைமாடி
திங்கள், இரவு 10.25

வணக்கம் டீச்சர். வந்தவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வேளச்சேரியில் நான் இருக்கும் அடுக்குமாடியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபத்தேழு பெயர்கள் வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசைப் பட்டையில்தான் இருக்கின்றன. அந்தப் பட்டையில் நம் நாட்டில் 13 சேனல்கள், அதாவது தடங்கள், உண்டு என்றாலும், பக்கத்துச் சேனல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்வதால், ஒன்றோடொன்று மோதாமல் சேர்ந்து இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே. இருபத்தேழு வீட்டுக்காரர்கள் மூன்று குழாயடியில் வரிசை கட்டினால் என்ன ஆகுமோ அதுதான் மாலை ஏழு மணிக்கு ஆகிறது.

ஆகவே மடிக்கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு பட்டைக்கு மாற்றுங்கள். 2018 அக்டோபரில் மத்திய அரசு அந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்ட பிறகு, நெரிசல் இல்லாத இடம் அங்கே தாராளமாக இருக்கிறது. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு பட்டைகளுக்கும் ஒரே பெயர் இருந்தால், 5 கிகாஹெர்ட்ஸுக்கு வேறு பெயர் கொடுத்து, அதை மட்டும் மடிக்கணினிக்குக் காட்டுங்கள். கைபேசி நன்றாக ஓடுவது அது ஏற்கெனவே 5 கிகாஹெர்ட்ஸில் இருப்பதால்தான் என்பது என் ஊகம்.


தாமிரக்கம்பி
செவ்வாய், காலை 6.40

அம்மா, மேலே நண்பர் சொன்னது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்வதற்கு முன்னால் சில அளவுகளை எடுத்துவிடுங்கள். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினிப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். ‘வைஃபை வரவில்லை’ என்று கொண்டுவரப்படும் மடிக்கணினிகளில் எது எங்கே அறுந்திருக்கிறது என்பதை அளந்து பார்க்காமலேயே ரீசெட் செய்துவிடுகிறார்கள். அதனால் கோளாறு போவதில்லை, கோளாறைக் கண்டுபிடிக்கும் தடயம் மட்டும் போய்விடுகிறது. நெட்வொர்க் ரீசெட்டை இனிமேல் செய்ய வேண்டாம்.

உங்கள் மடிக்கணினியிலிருந்து வெளியுலகுக்குப் போகும் பாதையில் நான்கு கட்டங்கள் இருக்கின்றன. முதலாவது, மடிக்கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே காற்றில் போகும் வானொலி அலை. இரண்டாவது, ரூட்டர் மடிக்கணினிக்குக் கொடுக்கும் ஐபி முகவரி, அதாவது அடையாள எண். மூன்றாவது, ரூட்டரிலிருந்து இணைய நிறுவனத்துக்குப் போகும் ஃபைபர் கம்பி. நான்காவது, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ். வகுப்பு நடக்கும் நேரத்தில், வழக்கமாக நீங்கள் எப்படி உட்கார்ந்திருப்பீர்களோ அப்படியே, எதையும் இடம் மாற்றாமல் இவற்றை எடுங்கள்.

கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்’ என்ற கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டினால், சிக்னல் எத்தனை விழுக்காடு, எந்தச் சேனல், வாங்கும் வேகம் எவ்வளவு என்று வரும். அந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரூட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும், நூறு முறை பிங் அனுப்புங்கள்; போய்ச் சேர்ந்து பதில் திரும்புகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி அது. அடுத்து வெளியே இருக்கும் கூகுளின் டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8 என்பதற்கு நூறு முறை. இரண்டிலும் எத்தனை திரும்பி வரவில்லை என்பதை எழுதுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அப்படித் தொடங்கினால் ரூட்டர் முகவரியே கொடுக்கவில்லை, மடிக்கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள்.


விடுதி அறை
செவ்வாய், பிற்பகல் 1.15

இந்த இழையிலேயே கேட்கலாமா என்று தெரியவில்லை, ஐயா. கிண்டியில் கல்லூரி விடுதியில் இருக்கிறேன். வைஃபை இணைகிறது, ஐபி முகவரியும் சரியாக வருகிறது, ஆனால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் உள்நுழைவுப் பக்கம் திறப்பதே இல்லை. அறை நண்பனின் கணினியில் உடனே திறக்கிறது.


தாமிரக்கம்பி
செவ்வாய், மாலை 4.05

தம்பி, டிஎன்எஸ் இடத்தில் நீங்களாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று போட்டு வைத்திருக்கிறீர்களா, அல்லது இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பும் விபிஎன் ஏதேனும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்நுழைவுப் பக்கத்துக்கு உங்களைத் திருப்பிவிடுவது விடுதியின் டிஎன்எஸ். அதைத் தாண்டி வெளியே கேட்டால் அந்தப் பக்கம் வராது. அதைத் தானியங்கிக்கு மாற்றிவிட்டு, உலாவியில் பூட்டுக் குறி இல்லாத, எச்டிடிபி என்று தொடங்கும் பழைய பாணித் தளம் ஒன்றைத் திறந்தால் உள்நுழைவுப் பக்கம் வந்துவிடும். சில விடுதிகளில் கணினியின் வன்பொருள் முகவரியைப் பதிவு செய்திருப்பார்கள்; அங்கே விண்டோஸில் ‘ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்’ என்ற வசதியை அணைத்து வைக்க வேண்டும்.


ஏரிக்கரை
செவ்வாய், இரவு 9.10

ஐயா, நீங்கள் சொன்னபடியே எடுத்தேன். ஏழு பதினைந்துக்கு, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு எடுத்த அளவுகள் இவை.

சிக்னல் 44 விழுக்காடு. சேனல் 6. வாங்கும் வேகம் 19.5. ஐபி முகவரி 192.168 என்றே தொடங்குகிறது. ரூட்டருக்கு அனுப்பிய நூறில் 31 திரும்பவில்லை. திரும்பியவற்றிலும் சில 600 மில்லி வினாடிக்கு மேல் எடுத்துக்கொண்டன. 8.8.8.8 என்பதற்கு அனுப்பிய நூறில் 33 திரும்பவில்லை.

மொட்டைமாடி நண்பர் சொன்னபடி 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்தேன். கைபேசி அதில் ஏறிக்கொண்டது. மடிக்கணினியில் அந்தப் பெயர் ஒரு முறை தெரிகிறது, மறுமுறை மறைகிறது. இணைத்தாலும் ஒரு கோடுதான் காட்டுகிறது, ஐந்து நிமிடத்தில் விழுந்துவிடுகிறது.


தாமிரக்கம்பி
செவ்வாய், இரவு 10.30

மிகவும் தெளிவாக எடுத்திருக்கிறீர்கள், அம்மா. இதை வைத்தே பாதிப் பாதையை ஒதுக்கிவிடலாம்.

ஆறடியில் இருக்கும் ரூட்டருக்கே மூன்றில் ஒன்று போய்ச் சேரவில்லை. வெளியே இருக்கும் முகவரிக்கு ஏற்பட்ட இழப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆக, ரூட்டரைத் தாண்டிய பிறகு புதிதாக எதுவும் தொலையவில்லை. இணைய நிறுவனத்தின் கம்பி, டிஎன்எஸ், உங்கள் திட்டத்தின் வேகம் ஆகியவற்றின் மேல் பழி இல்லை. ஐபி முகவரியும் வந்திருக்கிறது. கோளாறு முதல் கட்டத்தில், அதாவது அந்த ஆறடிக் காற்றிலோ அதன் இரு முனைகளிலோ இருக்கிறது. கைபேசி நன்றாக ஓடுவதால் ரூட்டர் முனையின் மேல் எனக்கு ஐயம் குறைவு.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 44 என்ற எண்தான். விண்டோஸில் நூறு விழுக்காடு என்பது, சிக்னலின் ஆற்றலை அளக்கும் அலகில், மைனஸ் 50 டெசிபல் மில்லிவாட், சுழி என்பது மைனஸ் 100. அந்தக் கணக்கில் 44 விழுக்காடு என்றால் மைனஸ் 78. சுவர் குறுக்கிடாத ஆறடியில் எந்த நல்ல மடிக்கணினியும் மைனஸ் 45 சுற்றுவட்டாரத்தில் இருக்க வேண்டும். இடைவெளி 33 டெசிபல். நீங்கள் கணக்கு ஆசிரியை. மடக்கை போட்டுப் பாருங்கள், வந்து சேர வேண்டிய ஆற்றலில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. அக்கம்பக்கத்து நெரிசலால் இந்த எண் குறையாது. நெரிசல் இருந்தால் சிக்னல் நிறைவாக இருந்தும் வேகம் குறையும். இங்கே சிக்னலே வரவில்லை.


மொட்டைமாடி
புதன், காலை 8.20

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒரு விஷயம் எனக்கு இடிக்கிறது. சிக்னல் பலவீனம் என்றால் காலையிலும் பலவீனமாகத்தானே இருக்க வேண்டும்? ஏன் ஏழு மணிக்கு மட்டும் அறுகிறது? நேரத்தோடு ஒட்டி வருவது நெரிசல் ஒன்றுதான் என்று இன்னமும் நினைக்கிறேன். ஒருவேளை பலவீனமும் நெரிசலும் சேர்ந்திருக்கலாம்.

இன்னொன்று, வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் பார்த்துவிடலாம். இன்டெல்லின் பழைய டிரைவர்கள் சில, வைஃபை 6 ரூட்டரின் பெயரையே பட்டியலில் காட்டாமல் விட்டதுண்டு. புதிய டிரைவர் போட்டதும் அது சரியானது. 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் வந்து வந்து மறைவதற்கு ரூட்டர் தானாகத் தேர்ந்தெடுத்த சேனலும் காரணமாகலாம். 52 முதல் 144 வரையிலான சேனல்களை ராடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால், ராடார் அலை தென்பட்டால் ரூட்டர் அந்தச் சேனலைக் காலி செய்துவிட வேண்டும் என்பது விதி. 36 அல்லது 149 என்று நிலைப்படுத்திப் பாருங்கள், டீச்சர்.


தாமிரக்கம்பி
புதன், காலை 9.00

நல்ல கேள்வி நண்பரே, அதற்கு என்னிடமும் இன்னும் விடை இல்லை. அம்மா, காலையிலும் அளவெடுங்கள். கூடவே சாதன மேலாளரில் வைஃபை அட்டையின் பண்புகளைத் திறந்து, மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தைக் கணினி அணைத்துக்கொள்ளலாம் என்ற வரியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்தத் தாவலே இருக்காது. இல்லையென்றால் தேட வேண்டாம்.


ஏரிக்கரை
வியாழன், இரவு 9.30

டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் புதுப்பித்தேன். 5 கிகாஹெர்ட்ஸை 36ஆம் சேனலில் நிறுத்தினேன். பெயர் இப்போது மறையவில்லை, ஆனால் ஒற்றைக் கோடுதான். மின்சேமிப்புத் தாவல் என் கணினியில் இல்லை.

காலை 10 மணி அளவு: சிக்னல் 46, ரூட்டருக்கு அனுப்பிய நூறில் 2 மட்டும் திரும்பவில்லை. இன்று மாலை 7.20: சிக்னல் 44, நூறில் 29 திரும்பவில்லை. சிக்னல் காலையும் மாலையும் ஒன்றுபோலவே மோசமாக இருக்கிறது. இழப்புதான் மாலையில் பெருகுகிறது. மொட்டைமாடி அவர்கள் சொன்னதுபோல இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கின்றனவோ?


கடலோரம்
வெள்ளி, காலை 7.35

சகோதரி, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மாலை வகுப்புக்காக மட்டும் நீங்கள் மடிக்கணினியில் செருகும் பொருள் ஏதேனும் உண்டா? எழுதுபலகை, தலையணிக் கருவி, வெளி ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி ஹப் போன்றவற்றைத்தான் கேட்கிறேன். நேரத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அந்த நேரத்தில் மேசையின் மேல் என்ன மாறுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

திருவான்மியூரில் எங்கள் வீட்டில் ஆறு மாதம் நான் அலைந்த அலைச்சலால் கேட்கிறேன். யூஎஸ்பி 3 கம்பியில் தரவு நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது அது பரவலாக ஓர் இரைச்சலைக் கக்குகிறது. அந்த இரைச்சல் 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை, அதாவது வைஃபையும் புளூடூத்தும் இயங்கும் அதே இடத்தில் வந்து விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. கம்பியின் உலோக உறை சரியில்லாத டிஸ்க்குகளிலும் ஹப்புகளிலும் இது கூடுதல். என் ஹப்பைச் செருகிய நொடியில் புளூடூத் சுட்டி இழுத்து இழுத்து நகரும், பிடுங்கினால் சரியாகிவிடும். அப்படித்தான் எனக்குப் பிடிபட்டது.


ஏரிக்கரை
வெள்ளி, காலை 8.10

சகோதரி, படித்தவுடன் மேசையைத்தான் போய்ப் பார்த்தேன். பயிற்சித்தாள்களும் பழைய வினாத்தாள்களும் விளக்கக் காணொளிகளும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் அலமாரியிலிருந்து எடுத்து மடிக்கணினியின் இடப்பக்கத்தில் செருகுவேன், முடிந்ததும் கழற்றி வைப்பேன். நீலநிற நாக்கு உள்ள துளை அது. டிஸ்க்கின் பழைய கம்பி போய்விட்டதால், மூன்று வாரத்துக்கு முன்புதான் கடையில் விலை குறைந்த கம்பி ஒன்று வாங்கினேன். மூன்று வாரம் என்று எழுதும்போதே கை நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஏழு மணிக்கு இதே மேசையில் அமர்ந்து மகளோடு காணொளி அழைப்பில் பேசுகிறேன். ஒரு நாளும் அறுந்ததில்லை. ஞாயிறு என்பதால் நெரிசல் குறைவு என்று நானாக நினைத்துக்கொண்டேன்.


தாமிரக்கம்பி
வெள்ளி, காலை 8.45

கடலோரம் சகோதரிக்கு என் வணக்கம். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ‘எதையும் இடம் மாற்றாமல் அளவெடுங்கள்’ என்று சொன்ன நான், மேசையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் விட்டேன்.

அம்மா, இன்று பகலிலேயே, நெரிசல் இல்லாத நேரத்தில், 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைத்து மூன்று முறை பிங் எடுங்கள். டிஸ்க் இல்லாமல் ஒரு முறை. டிஸ்க்கைச் செருகி ஒரு பெரிய காணொளிக் கோப்பை நகலெடுத்துக்கொண்டே ஒரு முறை. அதே டிஸ்க்கை யூஎஸ்பி 2 துளையில் செருகி ஒரு முறை.


ஏரிக்கரை
வெள்ளி, பிற்பகல் 12.20

முடிவுகள் இவை. டிஸ்க் இல்லாமல் நூறில் 2 இழப்பு. நீலத் துளையில் டிஸ்க்கைச் செருகி நகலெடுக்கும்போது 38 இழப்பு, இடையில் ஒரு முறை இணைப்பே அறுந்தது. வலப்பக்கத்து யூஎஸ்பி 2 துளையில் 3 இழப்பு. நகலெடுக்க நெடுநேரம் ஆனது, ஆனால் வைஃபை அசையவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கே மாலை ஏழு மணியை வரவழைத்துவிட்டேன், ஐயா.


மொட்டைமாடி
வெள்ளி, பிற்பகல் 2.00

என் நெரிசல் ஊகம் இந்த இடத்தில் தவறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். டீச்சர், இன்று வகுப்புக்கு முன்பே தேவையான கோப்புகளை மடிக்கணினிக்குள் நகலெடுத்துக்கொண்டு டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். பிரச்சினை தீர்ந்தது அல்லவா?


தாமிரக்கம்பி
வெள்ளி, மாலை 5.15

இன்றைய வகுப்புக்கு அது போதும். ஆனால் தீரவில்லை, நண்பரே. 44 விழுக்காடு அப்படியே நிற்கிறது. சிக்னல் நிறைவாக இருந்திருந்தால் அந்த டிஸ்க்கின் இரைச்சலை மீறி மடிக்கணினி தாக்குப்பிடித்திருக்கும். அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போய், இரைச்சல் எட்டாத இடத்தில் நிம்மதியாக இருந்திருக்கும். பலவீனமான குரலில் பேசுபவர் அமைதியான அறையில் கேட்கிறார், மிக்ஸி ஓடும் சமையலறையில் கேட்பதில்லை. டிஸ்க்கை மிக்ஸி என்று வைத்துக்கொண்டால், குரல் ஏன் பலவீனமாயிற்று என்பது இன்னும் பாக்கி.

அம்மா, ஒரே ஒரு கேள்வி. இந்த மடிக்கணினியைக் கடந்த ஓராண்டில் யாராவது திறந்தார்களா?


ஏரிக்கரை
வெள்ளி, இரவு 9.00

ஜூன் மாதம் இடப்பக்கக் கீல் இறுகிப்போய், திரையைத் திறக்கும்போது மூலை பிளந்துகொண்டு வந்தது. ஒரு பழுதுகடையில் கொடுத்துக் கீலை மாற்றினேன். அதன் பிறகு படுக்கையறையில் வைஃபை வருவதில்லை என்பதைக் கவனித்தேன். கூடத்தில் வந்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைய வகுப்பு, டிஸ்க் இல்லாமல், ஒரு முறைகூட அறாமல் நடந்தது. கடலோரம் சகோதரிக்கு என் நன்றி.


தாமிரக்கம்பி
வெள்ளி, இரவு 9.40

அதுதான். மடிக்கணினியின் வைஃபை ஆன்டெனாக்கள் பெரும்பாலும் அட்டைக்குப் பக்கத்தில் இருப்பதில்லை; திரையின் மேல் விளிம்பில் இருக்கும். அங்கிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள், பெரும்பாலும் ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, கீலின் ஊடாகக் கீழே இறங்கி வைஃபை அட்டையில் வந்து பொருந்தும். கீலை மாற்றுபவர் திரையைக் கழற்ற வேண்டும். திரையைக் கழற்ற இந்த இரண்டு கம்பிகளையும் எடுக்க வேண்டும். மறுபடி பொருத்தும்போது அவை சரியாக உட்காராவிட்டாலும் கணினி வழக்கம்போல் இயங்கும், வைஃபையும் பெயருக்கு வரும். அதனால் கடையில் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

அந்தக் கம்பியின் முனை கடுகளவே உள்ள பித்தளை வளையம். அட்டையில் அதற்கு இணையான குமிழ் இருக்கும். வளையத்தைக் குமிழின் மேல் நேராக வைத்து, விரல்நுனியால் செங்குத்தாக அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு மெல்லிய அசைவு விரலுக்குத் தெரியும். சாய்த்து அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும். பிறகு அது எப்போதும் பிடிக்காது. அட்டையின் மேல் வெள்ளை முக்கோணம் முதன்மைக் கம்பிக்கும், கறுப்பு முக்கோணம் துணைக் கம்பிக்கும் அடையாளம்.

நீங்களே திறக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கைப்பழக்கம் உள்ளவர் என்றால், கணினியை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பின்மூடியை எடுத்ததும் முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்துவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும். வீட்டில் பழக்கம் இல்லையென்றால் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோங்கள். ‘வைஃபை பார்க்க வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அட்டையை மாற்றச் சொல்லிவிடுவார்கள். ‘கீல் மாற்றிய பிறகு சிக்னல் குறைந்தது, இரண்டு ஆன்டெனா கம்பிகளும் அட்டையில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று என் எதிரிலேயே திறந்து காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள்.


கடலோரம்
சனி, காலை 10.10

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்காக ஒரு வரி. எங்கள் வீடு கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. உப்புக்காற்றில் ரூட்டர் அடாப்டரின் முள்ளிலும் மடிக்கணினியின் உலோக இணைப்புகளிலும் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. போன ஆண்டு எங்கள் ரூட்டர் தானாக அணைந்து அணைந்து எழுந்தது. ரூட்டரை மாற்றுவதற்கு முன் அதே 12 வோல்ட் அளவுள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பார்த்ததில் சரியாகிவிட்டது. ரூட்டரின் மீது எழுதியிருக்கும் வோல்ட் அளவு அச்சாக ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் அதைவிடக் குறையக் கூடாது.


ஏரிக்கரை
திங்கள், இரவு 9.20

சனிக்கிழமை வகுப்பு இரவு வரை இருந்ததாலும் ரிச்சி தெருவில் ஞாயிறன்று பல கடைகள் மூடியிருக்கும் என்பதாலும், இன்று காலை போய்வந்தேன். அண்ணா சாலைப் பக்கமிருந்து உள்ளே நுழைந்து இரண்டு கடைகளில் கேட்டேன்; முதல் கடையில், நீங்கள் சொன்னபடியே, அட்டையை மாற்றலாம் என்றார்கள். இரண்டாம் கடையில் இளைஞர் ஒருவர் என் எதிரிலேயே பின்மூடியைத் திறந்தார்.

வெள்ளைக் கம்பி அட்டையில் இல்லவே இல்லை. அதன் முனை அட்டைக்கும் விசிறிக்கும் நடுவே ஒட்டுநாடாவில் மாட்டிக்கொண்டு கிடந்தது. கறுப்புக் கம்பி குமிழின் மேல் சாய்வாகத் தொற்றிக்கொண்டிருந்தது. அவர் இடுக்கியால் தொட்டதும் தானாகக் கழன்று விழுந்தது. உருப்பெருக்கியில் இரண்டு வளையங்களையும் காட்டினார். வெள்ளை நன்றாக இருந்தது, கறுப்பு ஒரு பக்கம் சற்றே நெளிந்திருந்தது. அதை ஊசிமுனையால் வட்டமாக்கி அழுத்தினார். நீங்கள் சொன்ன அந்த ‘டிக்’கை நானும் விரல் வைத்துப் பார்த்தேன். பதினைந்து நிமிட வேலை.

வீட்டுக்கு வந்து, அதே மேசையில், அதே ஆறடியில் எடுத்த அளவுகள். 2.4 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் 99 விழுக்காடு, வாங்கும் வேகம் 144. 5 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் 96, வேகம் 866. ரூட்டருக்கு அனுப்பிய நூறும் திரும்பி வந்தன.


தாமிரக்கம்பி
திங்கள், இரவு 9.45

மனம் நிறைந்தது, அம்மா. அந்த 866 என்ற எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் வைஃபை 5 முறையில் ஓர் ஓடையின், அதாவது ஓர் ஆன்டெனா வழியாகப் போகும் தரவின், உச்சம் 433. 866 என்றால் இரண்டு ஓடைகளும் ஓடுகின்றன, அதாவது இரண்டு ஆன்டெனாக்களும் வேலை செய்கின்றன. இனி எப்போதாவது அருகிலேயே உட்கார்ந்தும் 433க்கு மேல் ஏறவில்லை என்றால், கறுப்பு வளையம் மறுபடி நழுவியதோ என்று முதலில் பாருங்கள். நெளிந்த வளையம் சில நேரம் அப்படிச் செய்யும்.

ஒரே ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. நீலத் துளையில் டிஸ்க்கைச் செருகி, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.


ஏரிக்கரை
செவ்வாய், இரவு 8.55

எடுத்தேன், ஐயா. அந்த விலை குறைந்த கம்பியோடு 2.4 கிகாஹெர்ட்ஸில் நூறில் 4 இழப்பு. உலோக உறை தடித்த புதுக் கம்பி ஒன்றை வாங்கி மாற்றிய பிறகு 1. வகுப்புக்கு இனி 5 கிகாஹெர்ட்ஸ் பெயரையே வைத்துக்கொள்கிறேன். அதில் டிஸ்க் செருகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்பு சுழி. படுக்கையறையிலும் மூன்று கோடு வருகிறது.

முன்பு ஒரு சனிக்கிழமை நடுவில் விட்ட முக்கோணவியல் கணக்கை இன்று, நிழலின் நீளத்திலிருந்து கோபுரத்தின் உயரத்தைக் காணும் கணக்கு அது, முதலிலிருந்து போட்டு முடித்தோம். பதினான்கு பேரும் கடைசி வரை திரையில் இருந்தார்கள்.